வேதியியல் ஆசான் பிரபுல்ல சந்திர ராய்

வங்கத்தில் பிறந்து, இந்திய நாட்டில் வேதியியல் ஆராய்ச்சிக்கும் வேதியியல் தொழிலுக்கும் ஒருசேரக் கால்கோள் செய்த பெருமகனார் பிரபுல்ல சந்திர ராய் ஆவார். முத்துக்குளித்துறையில் வெளிவரும் ஒரு வெள்ளி விழா மலரில் வங்கத்துப் பேராசிரியருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்புவரை நன்றாகப் படித்துவிட்டு, மேல்நிலை வகுப்பில் மோல், வாய்பாடு, வினை விகிதம் என்னும் கணக்குகளைக் கண்டு மருண்டு, அறிவியல் பிரிவையே கைவிடுவதைக் கண்டு வருகிறோம். அந்தக் கணக்குகளின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைத் தம் வாழ்க்கையாலேயே காட்டியவர் ராய். நம்மவர் தலைமேல் சுமத்தப்பட்ட சாதி இழிவுக்கும் இந்நாட்டில் வேதியியல் தேய்ந்ததற்கும் உள்ள தொடர்பை அறிவியலார் நடுவிலிருந்து துணிந்து எழுதியவரும் அவரே. ஆதலால் அவர் வரலாற்றை இங்கு வரைகின்றோம்.

ராய் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்து ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். காயஸ்தர் மரபு, நிலவுடைமைக் குடும்பம். தந்தை ஹரீஷ் சந்திரர் பாரசீகமும் ஆங்கிலமும் கற்றவர். வீட்டில் நூலகம் வைத்திருந்தார். ஊரில் பள்ளி நடத்தினார். 1870-இல் குடும்பம் கல்கத்தா சென்றது. ஹேர் பள்ளியில் படிக்கும்போது கடும் வயிற்றுக்கடுப்பு தாக்கி, இரண்டாண்டு பள்ளியையே விட நேர்ந்தது. அந்நோயின் சுவடு வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. ஆயினும் அவ்விரண்டாண்டும் வீணாகவில்லை. தந்தையின் நூல்களையெல்லாம் படித்து முடித்தார். பின்னர் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்து, பிரசிடென்சி கல்லூரியில் பெட்லர் என்பார் சோதனை செய்து காட்டி நடத்திய வேதியியல் வகுப்புகளுக்குப் போய்வந்தார். இலக்கியத்தில் ஊறிய உள்ளத்தை அச்சோதனைகளே வேதியியலின் பக்கம் திருப்பின. 1882-இல் கில்கிரிஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் வென்று, ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பலேறினார்.

எடின்பரோவில் அவருக்கு வாய்த்த ஆசான் கிரம் பிரௌன். மூலக்கூறுகளில் அணுக்கள் எவ்வாறு இணைந்துள்ளன என்பதை வட்டங்களாலும் கோடுகளாலும் வரைந்து காட்டும் முறையை வகுத்தோருள் அவரும் ஒருவர். அவரிடம் பயின்று, 1887-இல் ராய் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் செம்பு, மக்னீசியம் முதலிய உலோகங்களின் இரட்டைச் சல்பேட்டுகள். நம் பகுதி மக்களுக்கு இது தொலைவான செய்தியன்று. உப்பு வாரிய பின் பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் இருப்பது பெரும்பாலும் மக்னீசியத்தின் குளோரைடும் சல்பேட்டுமே. மக்னீசியம் சல்பேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும் ஒரே படிகமாகச் சேரும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே சேரும். கூடவே ஆறு மூலக்கூறு நீரும் படிகத்தினுள் அமரும். எவ்வளவு கலந்து வைத்தாலும் படிகம் தனக்கு வேண்டிய அளவையே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கரைசலில் விட்டுவிடும். இயற்கை எண்ணிக்கை தவறாமல் கொடுக்கல் வாங்கல் செய்கிறது என்பதை இளம் வயதிலேயே தம் தராசில் கண்டவர் அவர்.

1888-இல் தாயகம் திரும்பினார். எடின்பரோவின் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு ஏறத்தாழ ஓராண்டு வேலையே கிட்டவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் தங்கிக் காலம் கழித்தார். கல்வித் துறையின் உயர்பணி அந்நாளில் பெரிதும் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் துணைப் பேராசிரியர் பணி கிடைத்தது. அதைக்கொண்டே அவர் செய்து முடித்தவை மிகப் பல.

இனி நாம் சற்று விரித்துக் கூற விரும்பும் செய்திக்கு வருவோம். மருந்துகளும் வேதிப் பொருள்களும் கப்பலில் வந்திறங்கி, இங்குள்ள மூலப் பொருள்கள் வீணே கிடப்பதைக் கண்ட ராய், 1892-இல் சில நூறு ரூபாய் முதலுடன், தாம் குடியிருந்த அப்பர் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் இல்லத்திலேயே ஒரு தொழிலைத் தொடங்கினார். அதுவே பெங்கால் கெமிக்கல். பாஸ்பேட் உப்புகள் செய்ய எண்ணினார். அதற்கு வேண்டியது எலும்பு. ராஜாபஜார் இறைச்சிக் கடைக்காரரிடம் மூட்டை மூட்டையாக மாட்டெலும்பை வாங்கி, மொட்டை மாடியில் உலர்த்தினார். எதிர்பாராது மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது. காக்கைகள் கூட்டமாய் வந்து கொத்தின; கொத்தியவற்றை அண்டை வீட்டு மாடிகளிலும் போட்டன. ஆசாரம் மிக்க அண்டை வீட்டார் நகராட்சிக்கு முறையிடுவதாகச் சீறினர். வேறு வழியின்றி எலும்புகளை மாணிக்தலாப் பக்கம் கொண்டுபோய், செங்கற் சூளைபோல் அடுக்கித் தீ மூட்டினார். நள்ளிரவில் நெருப்பைக் கண்ட காவலர்கள், எவரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று ஐயுற்று ஓடிவந்தனராம்.

இதைப் படிக்கையில் நம்மில் முதியோர்க்கு வேறு நினைவு எழும். செத்த மாட்டைத் தூக்குவதும், தோலுரிப்பதும், எலும்பு பொறுக்குவதும் யாருக்கு விதிக்கப்பட்டன, அதற்காகவே யார் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டனர் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த எலும்பை, மேற்சாதியிற் பிறந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் தம் வீட்டு மாடியிலேயே பரப்பினார். சுட்ட எலும்பின் சாம்பலை வகுப்பில் மாணவர் முன்னிலையில் தம் வாயிலிட்டுக் காட்டி, இதில் இப்போது மாடும் இல்லை, தீட்டும் இல்லை, கால்சியம் பாஸ்பேட்டு ஒன்றே உண்டு என உணர்த்துவார் என்று அவர் மாணவர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். சாதி ஒழிப்பைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமான ஒன்றைக் கேட்டதில்லை.

நிற்க. அந்தச் சாம்பலின் கணக்கை நம் மாணவர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். கால்சியம் பாஸ்பேட்டின் வாய்பாட்டில் கால்சியம் 3 அணு, பாஸ்பரஸ் 2 அணு, ஆக்ஸிஜன் 8 அணு. கால்சியத்தின் அணு எடை 40, பாஸ்பரஸுக்கு 31, ஆக்ஸிஜனுக்கு 16. மூன்று நாற்பது 120, இரண்டு முப்பத்தொன்று 62, எட்டுப் பதினாறு 128, ஆகமொத்தம் 310. இந்த 310 கிராமே ஒரு மோல் கால்சியம் பாஸ்பேட்டு. கந்தக அமிலத்தின் ஒரு மோல் 98 கிராம். சாம்பலைக் கரையக்கூடிய சூப்பர் பாஸ்பேட்டாக மாற்ற, சாம்பல் ஒரு மோலுக்கு அமிலம் இரண்டு மோல், அதாவது 196 கிராம் வேண்டும். உள்ளே போனது 506 கிராம். வெளியே வருவது, கால்சியம் இருஹைட்ரஜன் பாஸ்பேட்டு 234 கிராமும் கால்சியம் சல்பேட்டு 272 கிராமும். கூட்டினால் அதே 506. அமிலம் 98 கிராம் மட்டும் ஊற்றினால் சாம்பலில் பாதி அப்படியே கிடக்கும். 300 கிராம் ஊற்றினால் 104 கிராம் அமிலம் வினைக்கு மிஞ்சி நிற்கும். கைப்பணத்தைக் கொண்டு தொழில் செய்பவருக்கு இரண்டுமே நட்டம். மோல் கணக்கு தேர்வுத்தாளுக்காகப் பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

அணுவைக் கண்ணால் கண்டு எண்ண முடியாது. எண்ண முடியாததை நிறுத்து அறியும் வழியே மோல். ஒரு மோல் எந்தப் பொருளாயினும் அதில் அடங்கும் துகள்கள் ஏறத்தாழ 602 என்று எழுதி அதன்பின் 21 சுழி இட்டால் வரும் எண்ணிக்கை. எடையையும் எண்ணிக்கையையும் இணைத்துக் காண்பது நம் கரைக்குப் பழகிய கலைதான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வணிகர்கள் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, எடையோடு எண்ணிக்கையையும் சேர்த்தே விலை கண்டனர். 1961-இல் நடந்த குளிப்பே தூத்துக்குடி கண்ட கடைசிப் பெருங் குளிப்பு. அந்தத் தராசுகளும் அதன்பின் மறைந்தன. இருப்பினும் சிப்பியும் சங்கும் நம் கண்முன் உள்ளன. அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே, முத்தும் அதுவே. அதன் ஒரு மோல் சரியாக 100 கிராம் என்று அமைந்தது தொடக்க மாணவர்க்கு இயற்கை செய்த உதவி எனலாம். தூய சிப்பி 100 கிலோவைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு 56 கிலோ. மீதி 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாகக் காற்றில் கலந்தது. காளவாயில் வேலை செய்தோர் எடை குறைவதை நன்கறிவர். குறைந்த எடைக்குப் பெயர் சூட்டிக் கணக்கு எழுதும் வாய்ப்புத்தான் அவர்கட்கு மறுக்கப்பட்டிருந்தது.

ராயின் ஆராய்ச்சிக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு, ரசகற்பூர வகையைச் சேர்ந்த பாதரச மருந்துக்காகப் பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றிவைத்தார். எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. வேறொருவர் அதைக் கசடு என்று கழுவிக் கொட்டியிருக்கக்கூடும். முதலில் அவரும் அதை ஏதோ காரத்தன்மையுள்ள உப்பு என்றே கருதினார். ஆயினும் நிறுத்துப் பகுத்துப் பார்த்தார். பழைய மெர்க்குரஸ் நைட்ரேட்டாக இருப்பின் நூற்றுக்கு 76 பங்கு அளவிலேயே பாதரசம் இருக்க வேண்டும்; மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்னும் புதுப் பொருளாயின் 81 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். இவ்விரண்டு எண்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில்தான் ஒரு கண்டுபிடிப்பு ஒளிந்திருந்தது. 1896-இல் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் அது வெளிவந்து உலகறிந்தது. எடை விகிதம் மட்டும் தருவது எளிய விகித வாய்பாடே. அதன்படி பாதரசம் ஒன்று, நைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் இரண்டு. பாதரச அணுக்கள் இங்கு இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்பதால், இன்று அவ்வெண்களை இரட்டித்து எழுதுகிறோம். எளிய வாய்பாட்டுக்கும் மூலக்கூறு வாய்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்க, பாடநூல்கள் ஏனோ அயல்நாட்டுப் பொருள்களையே தேடிப் போகின்றன.

நைட்ரைட்டுகளே பின்னர் அவர் வாழ்நாள் ஆய்வாயின. 1912-இல் லண்டன் சென்றபோது, அம்மோனியம் நைட்ரைட்டின் ஆவி அடர்த்தி பற்றிய கட்டுரையை அங்குள்ள வேதியியல் கழகத்தில் படித்தார். எளிதில் சிதையும் அப்பொருள் ஆவியாகும்போது முழுமையாய் இருக்கிறதா, நைட்ரஜனும் நீராவியுமாக உடைகிறதா என்பது வினா. முழுமையாயின் ஆவி அடர்த்தி 32. முற்றும் உடைந்தால் 11-க்கும் குறைவு. வெற்றிடத்தில் மெல்லச் சூடேற்றினால் பெரும்பகுதி உடையாமலே ஆவியாகிறது என்று அவர் நிறுவினார். அணுவைப் பாராமலே அதன் நிலையை எடையால் சொல்லிவிடும் திறத்தை இங்கும் காண்கிறோம்.

இவற்றுக்கிடையே, பழம் சுவடிகளைத் தேடித் தொகுத்து, இந்து வேதியியல் வரலாறு என்னும் ஆங்கில நூலை 1902-இலும் 1909-இலுமாக இரு தொகுதிகளில் வெளியிட்டார். முன்னோர் பெருமை பேசும் நூல் என்று இதைப் பலர் கொண்டாடினர். பெருமை அதில் உண்டு. உலோகம் உருக்கியதும், பாதரசத்தைப் பதப்படுத்தியதும், வாலை வடித்ததும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. ஆயின் முதற்றொகுதியிலேயே, அறிவியல் மனப்பான்மை ஏன் தேய்ந்தது என்பதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, அவர் தந்த விடையைக் கொண்டாடியோர் வசதியாக மறந்தனர். சாதி இறுகியதே காரணம் என்பது அவர் முடிவு. மனு முதலியோர் பிணந்தொடுதலைத் தீட்டென்றதால் அறுவை மருத்துவம் அழிந்தது. கைத்தொழில்கள் தாழ்ந்த சாதியார்க்கென ஒதுக்கப்பட்டுப் பிறப்புரிமையாக்கப்பட்டன. சிந்திப்போர் பொருளைத் தொடவில்லை. தொடுவோர்க்குச் சிந்தித்து எழுத இடமில்லை. ஏன், எவ்வாறு என்ற கேள்விகள் நாட்டைவிட்டே அகன்றன. உலகையே மாயையெனப் போதித்த வேதாந்தத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளையர் ஆட்சியில், பழம்பெருமையே நாட்டுப்பற்று என்றிருந்த நாளில், இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. தொழில் செய்த கைகளில் நுட்பம் நின்றது, காரண அறிவு நின்றுபோயிற்று என்பது முழு உண்மையன்று. பாத்தி நீர் 24, 25 டிகிரி வந்ததும் உப்பு இறங்கும். 30-ஐ நெருங்கவிட்டால் கசப்பு ஏறும். அதற்குமுன் நீரை வெளியேற்ற வேண்டும் என்று நம் உப்பளத் தொழிலாளர் அறிவர். கருவி காட்டுவதற்குமுன் நீரின் நிறத்தையும் நுரையையும் கொண்டே கூறுவோர் உண்டு. அது காரண அறிவு அன்றி வேறென்ன? பள்ளி மறுக்கப்பட்டமையால் அது நூலேறவில்லை, அவ்வளவே. மேலும், சாதியால் அறிவுலகுக்கு நேர்ந்த இழப்பை அளந்த அளவுக்கு, மனிதர்க்கு நேர்ந்த இழிவை அந்நூலில் அவர் அளக்கவில்லை. பிற்காலத்தில் அக்குறையும் ஓரளவு நீங்கிற்று. 1917-இல் கல்கத்தாவில் கூடிய இந்தியச் சமூகச் சீர்திருத்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோதும், அதன் பின்னரும், தீண்டாமையைக் கடுமையாகச் சாடினார்.

அவர் மாணவர் வரிசை பெரிது. அவர்களுள் மேகநாத சாகாவை நாம் சிறப்பாகக் கூற வேண்டும். டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில், தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட சாதியில், ஒரு சிறு கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்தவர் அவர். கல்கத்தாவில் மாணவர் விடுதியில் உடனிருந்து உண்ணவும், கலைமகள் பூசையில் கலந்துகொள்ளவும் மேற்சாதி மாணவர் அவரை விடவில்லை. அதே நாளில் பிரசிடென்சி கல்லூரியின் வேதியியல் வகுப்பில் ராய் அவரைத் தம் மாணவராய் ஏற்று அன்பு காட்டினார். விண்மீன்களின் வெப்பத்தில் அணுக்கள் எவ்விகிதத்தில் மின்னூட்டம் பெறும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் தந்து உலகப் புகழ் பெற்றவர் இந்தச் சாகாவே. வேதிவினைச் சமநிலைக் கணக்கை விண்மீனுக்கு ஏற்றியதே அச்சமன்பாடு. ராய் மூத்த மாணவர்களுக்கு மட்டும் வகுப்பெடுத்தவரல்லர். முதலாண்டு மாணவர்க்கே தேர்ந்த ஆசிரியர் வேண்டும் என்று கூறி, தொடக்க வகுப்புகளை விரும்பி ஏற்றார். இதை நம் பள்ளி நிர்வாகிகள் கவனிப்பது நலம்.

பெங்கால் கெமிக்கல் 1901-இல் கூட்டு நிறுவனமாயிற்று. நம் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்குவதற்கு ஐந்தாண்டு முந்திய செய்தி இது. கப்பல் கம்பெனியை ஆட்சியாளர் நசுக்கினர். மருந்துத் தொழிற்சாலை பிழைத்தது. ஓமநீர், ஆடாதோடைச் சாறு போன்ற நாட்டு மருந்துகளை அளவறிந்து செய்து விற்றதோடு, கந்தக அமிலத்தையும் தானே காய்ச்சியது. தொடக்கத்தில் தோள் கொடுத்த மருத்துவ நண்பர் அமூல்ய சரண் போஸ் 1898-இல் பிளேக் நோய்க்குப் பலியானபோதும் ராய் தளரவில்லை. அந்நிறுவனம் 1980-இல் நாட்டுடைமையாயிற்று.

1916-இல் பிரசிடென்சியை விட்டுப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். மணம் செய்துகொள்ளவில்லை. அக்கல்லூரியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். 1921-இல் அறுபது வயது நிறைந்தது முதல், தம் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே வேதியியல் வளர்ச்சிக்கென விட்டுவிட்டார். 1922-இல் வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது நிவாரணக் குழுவை முன்னின்று நடத்தி, இலட்சக்கணக்கில் பொருள் திரட்டினார். 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அவரே முதல் தலைவர். காந்தியடிகளின் நட்பால் கைராட்டையிலும் நம்பிக்கை வைத்தார். ஆலையும் ராட்டையும் ஒருவரிடமே இருந்ததைக் கண்டு நகைத்தோரும் உண்டு. 75 வயதில், 1936-இல், பதவியினின்று ஓய்வு பெற்றார். அறையை விட்டு வெளியேறவில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, நிறையப் புத்தகம். உடன் தங்கிப் படிக்கும் ஏழை மாணவர் சிலர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், அந்த அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.